கடைசிக் கால்வாசித் தண்ணி

நீங்கள் தமிழ் எண்டு எனக்கு உடன தெரிஞ்சுபோச்சுது அண்ணை. பஸ் ஏறேக்க போனில கதைச்சீங்கள், "ஓம் பிள்ளை, ஏறிட்டன், வைக்கிறன்" எண்டு. அந்த "வைக்கிறன்" ஒண்டே காணும். நான் ஜன்னல் பக்கம் இருக்கிறன், உங்களுக்குப் பரவாயில்லைத்தானே? வெளியில பாக்காமல் வந்தால் எனக்குத் தலை சுத்தும்.

என்ர பேர் யோகலிங்கம். இஞ்சத்த ஆக்களுக்கு யோகி. பென்டாராவில பதினாறு வருசம், பால் தொழிற்சாலையில வேலை. பென்டாரா தெரியாதோ? மெல்பேர்ணுக்கு வெளியில ஒரு சின்ன ஊர். நெருப்பு எரிஞ்சிராட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. மூண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம், இஞ்ச அதுதான் நடுக் கோடை, ரிவியில காட்டினவை. காட்டுக்குள்ள ஒரு தீயணைப்பு ட்றக், ரயரெல்லாம் உருகி, கறுத்துப்போய். பக்கத்தில மூண்டு பேர் நிக்கினம், ஒரு ஆள் குந்தி இருக்கிறான். நிக்கிறதில ஹெல்மெட்டோட முன்னுக்கு நிக்கிறது நான். குந்தி இருக்கிறது என்ர தங்கச்சியின்ர மனிசன், தவநேசன்.

அவன் எனக்குச் செய்ததை ஒரு வெளி ஆளுக்கு ஒருக்காச் சொல்லவேணும் அண்ணை. எங்கட ஊரில சொல்ல ஏலாது. அங்க எல்லாரும் தீர்ப்பு எழுதி முடிச்சிட்டினம். நான் குறை சொல்லேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

நேசனும் நானும் ஒரு வயசு. இஞ்ச வந்த புதுசில ஒரே அறையில இருந்தனாங்கள். பிறகு நான்தான் என்ர தங்கச்சி ரூபியை அவனுக்குப் பேசிக் கட்டிவைச்சனான். அவனுக்குப் பேக்கரியில வேலை எடுத்துக் குடுத்ததும் நான்தான். காலமை மூண்டு மணிக்கு எழும்பி மா குழைப்பான். நல்ல கை. அவன் போடுற பாணுக்கு வெள்ளைக்காரச் சனம் வரிசையில நிக்கும். நல்ல வேலைகாரன், அதில நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

தீயணைப்புப் படையில அவனைச் சேர்த்ததும் நான்தான். அது சம்பளம் இல்லாத வேலை அண்ணை, தொண்டர் படை. சின்ன ஊருகளில ஊர்ச் சனம்தான் நெருப்பு அணைக்கவேணும். நான் முதல்ல சேர்ந்தனான். ஏன் தெரியுமோ? பால் தொழிற்சாலையில எட்டு வருசம் வேலை செய்தும் ஒருத்தன் என்ர வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. படையில சேர்ந்து ரெண்டாம் கிழமை கப்டன் கிரேயம் வந்து என்ர முற்றத்தில நிண்டு பியர் குடிச்சவர். கிரேயம் எண்டால் பென்டாராவில சும்மா ஆள் இல்லை. அவற்ர தேப்பன், தேப்பன்ர தேப்பன், எல்லாரும் கப்டன். அந்த மனிசன் என்னை "மேற்", கூட்டாளி, எண்டு கூப்பிட்டவர். நாலு வருசத்தில என்னைக் குறூ லீடர் ஆக்கினவர். ஒரு ட்றக்குக்குப் பொறுப்பு. தலையில சிவப்புக் கோடு போட்ட ஹெல்மெட். பென்டாராவில தமிழன் ஒருத்தன் போட்ட முதல் சிவப்புக் கோடு அதுதான்.

இப்ப ட்றக்கைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும், சொல்லாட்டி உங்களுக்குக் கதை விளங்காது. தண்ணித் தொட்டிக்கு நாலு விளக்கு இருக்கு. நிறையத் தண்ணி எண்டால் நாலும் எரியும். குறையக் குறைய ஒவ்வொண்டா அணையும். கடைசியா ஒரு சிவப்பு மிஞ்சும். சிவப்பு எண்டால் கால்வாசி. அந்தக் கால்வாசியைத் தொடக்கூடாது. அது எங்களுக்கு. நெருப்பு வந்து ட்றக்கைச் சூழ்ந்துகொண்டால் வெளியில ஓட ஏலாது, ஓடினால் கதை முடிஞ்சுது. உள்ளுக்க இருந்து கதவைப் பூட்டவேணும். கூரையைச் சுத்தி ஓடுற குழாயால அந்தத் தண்ணி ட்றக்குக்கு மேல மழை மாதிரிக் கொட்டும். நெருப்பு கடந்து போகுமட்டும் அதுதான் உயிர். முதல் நாள் வகுப்பிலயே கிரேயம் சொல்லித்தந்தவர்: "இந்தத் தண்ணி வீட்டுக்கு இல்லை. மாட்டுக்கு இல்லை. உங்கட அம்மா எரிஞ்சாலும் அவவுக்கு இல்லை." எல்லாரும் சிரிச்சனாங்கள். நல்லாப் படிப்பிப்பார்.

சரி. அண்டைக்கு நாற்பத்தாறு பாகை வெக்கை. வடக்குக் காத்து. காலமை பத்து மணிக்கே வானம் மஞ்சள். ட்றக்கில நாலு பேர். லென் ஓட்டுறார், அறுபது வயசு, ஆட்டுப் பண்ணைக்காரர், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல கதைக்கமாட்டார். அவருக்குப் பக்கத்தில நான். எனக்குப் பின்னால நேசன். அவனுக்குப் பக்கத்தில மேகன், பள்ளிக்கூட ரீச்சர், நல்ல துணிஞ்ச பிள்ளை. காலமையில இருந்து வேலியோரம் எரிஞ்சதுகளை அணைச்சு அணைச்சு வாறம். ரெண்டு மணி தாண்டினாப் பிறகு றேடியோவில சொன்னவை, காத்து மாறப்போகுது, எல்லா ட்றக்கும் காட்டுப் பாதையை விட்டிட்டு பெரிய றோட்டுக்கு வாங்கோ எண்டு.

நாங்கள் வெளிக்கிட்டனாங்கள். வெளிக்கிட்டனாங்கள் அண்ணை, அதை ஒருத்தரும் சொல்லேல்லை. லென் ட்றக்கைத் திருப்பிட்டார். அப்பதான் என்ர போன் அடிச்சது. கிரேயம். அவர் அண்டைக்கு ஊருக்குள்ள கட்டுப்பாட்டு அறையில, பெரிய வரைபடத்துக்கு முன்னால நிண்டவர். "யோகி, நீ என்ர வீட்டுப் பக்கம்தானே நிக்கிறாய்? ஏலுமெண்டால் ஒருக்கா எட்டிப் பாப்பியோ, மேற்?" அவ்வளவுதான். ஏலுமெண்டால் எண்டுதான் கேட்டவர். கட்டளை போடேல்லை.

நான் "ஓம் மேற்" எண்டன். ஆர் மாட்டன் எண்டு சொல்லுவினம்? நீங்கள் சொல்லுவீங்களோ?

நேசன் பின்னால இருந்து கேட்டான், "ஆர் மச்சான்?"

"கிரேயம். வீட்டை ஒருக்காப் பாக்கட்டாம்."

"றேடியோவில வரச் சொல்லுறாங்களெல்லோ."

"ஐஞ்சு நிமிசம்."

"கிரேயத்தின்ர பாதை ஒரு வழிதான் மச்சான். போனால் அதாலதான் திரும்பி வரவேணும்."

"எனக்குப் பாதை தெரியாதோ?" எண்டன். தமிழிலதான் கதைச்சனாங்கள். மற்ற ரெண்டு பேருக்கும் விளங்காது. லென்னுக்கு "இடப் பக்கம்" எண்டு கையைக் காட்டினன். அவர் என்ர முகத்தைப் பாத்தார், பிறகு திருப்பினார்.

கிரேயத்தின்ர வீடு பாதை முடியிற இடத்தில. ரெண்டு பக்கமும் யூக்கலிப்ரஸ் மரம். வீட்டில ஆக்கள் இல்லை. மனிசியையும் நாயையும் முதல் நாளே அனுப்பிட்டார். நாங்கள் போகேக்க விறகுக் குவியல் பத்தி, பலகை விறாந்தையில பிடிச்சிட்டுது. இன்னும் ரெண்டு நிமிசம் பிந்தியிருந்தால் கூரைக்கு ஏறியிருக்கும். மேகனும் நானும் குழாயைப் பிடிச்சம். நேசன் ட்றக்கில பம்புக்குப் பக்கத்தில. விளக்கைப் பாக்கிறது அவன்ர வேலை.

"ரெண்டு!" எண்டு கத்தினான். பிறகு கொஞ்சத்தால, "சிவப்பு! மச்சான், சிவப்பு!"

விறாந்தை முக்கால்வாசி அணைஞ்சிட்டுது. மூலையில ஒரு தூண் மட்டும் புகையுது. நான் "இன்னும் ஒரு நிமிசம்" எண்டன். அந்த ஒரு நிமிசத்தைத்தான் அண்ணை பிறகு எல்லாரும் பிடிச்சுத் தொங்கினவை. ஒரு நிமிசம். சரி, ரெண்டு எண்டு வையுங்கோ. அந்தத் தூணை விட்டிட்டுப் போயிருந்தால் முழு வீடும் போயிருக்கும். அப்ப வந்ததுக்கு என்ன பிரியோசனம்?

நேசன் பம்பை நிப்பாட்டிப்போட்டான். நான் சொல்லாமல். குழாயில தண்ணி நிண்டுபோச்சுது. அதுதான் முதல் தரம் அவன் எனக்கு எதிராச் செய்தது. குறூ லீடர் நான். நான் சொல்லாமல் பம்பில கை வைக்கக்கூடாது.

ஆனால் தூண் அணைஞ்சிட்டுது.

திரும்பி வாற வழியில காத்து மாறினது. எப்பிடிச் சொல்லுறது... இவ்வளவு நேரமும் ஒரு பக்கத்தால நீளமா ஓடின நெருப்பு, காத்து மாறினதும் அந்த நீளம் முழுக்க அகலமா எங்கட பக்கம் திரும்பும். பாதையில ஒரு மரம் குறுக்க விழுந்து கிடக்கு. லென் றிவேர்ஸ் எடுத்து, குதிரை கட்டுற வெளி ஒண்டு இருந்தது, புல்லில்லாத மண், அதுக்குள்ள ட்றக்கின்ர மூஞ்சையை நெருப்புக்கு நேர வைச்சு நிப்பாட்டினார். அந்த மனிசன் அந்த இடத்தைப் போகேக்கயே பாத்து வைச்சிருக்கிறார். நான் பாக்கேல்லை. நான் வீட்டைத்தானே பாத்துக்கொண்டு போனனான்.

றேடியோவில ஆபத்து எண்டு சொன்னன். எங்கட இடம் சொன்னன். மற்ற பக்கத்தில கிரேயத்தின்ர குரல்தான். "விளங்கினது" எண்டவர். ஒரு சொல். அவற்ர குரல் நடுங்கினது எண்டு நான் நினைக்கிறன். நடுங்கித்தான் இருக்கும்.

உள்ளுக்க என்ன செய்யவேணுமெண்டால், ஜன்னலுகளுக்கு வெள்ளித் தாள் மாதிரி ஒரு திரை இருக்கு, அதை இழுத்துக் கொளுவவேணும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழ குனியவேணும். தண்ணி குடிக்கவேணும். நான் திரையைக் கொளுவினன். வடிவாத்தான் கொளுவினன். போத்தில் மூடியைத்தான் திறக்க ஏலேல்லை. நேசன் பின்னால இருந்து எட்டி, கையுறையைக் கழட்டிப்போட்டு, மூடியைத் திறந்து எனக்குத் தந்தான். "குடி மச்சான்." நான் குடிச்சன். அவன் அந்தக் கையுறையைத் திரும்பப் போட்டிருக்கலாம். ஆர் போடவேண்டாம் எண்டது?

லென் கூரைத் தண்ணியைத் திறந்தார். சடசடவெண்டு ஒரு சத்தம். எனக்குச் சந்தோசமா இருந்தது. பிறகு இருட்டு. மத்தியானம் அண்ணை, மூண்டு மணியும் ஆகேல்லை. ஒரு கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்ள ஒரு சிவப்பு. சத்தம் எண்டால், றெயில் எண்டு சொல்லுவினம், பிளேன் எண்டு சொல்லுவினம். எனக்கு ஒண்டும் அப்பிடிக் கேக்கேல்லை. ஆரோ பெரிய ஒருத்தர் மூச்சு இழுக்கிற மாதிரி. இழுத்து இழுத்து, விடாமல்.

நாப்பது செக்கன். தண்ணி இருமினது, ரெண்டு தரம் இருமினது, நிண்டுபோச்சுது.

கூரையில ஒண்டும் விழேல்லை. ட்றக் தன்ர பாட்டில வேக வெளிக்கிட்டுது. பிளாஸ்ரிக் உருகிற மணம். மேகன் தாயைக் கூப்பிட்டவ. லென் ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அப்ப என்ர பக்கத்துக் கண்ணாடி வெடிச்சது. வெடிச்சுக் கீழ விழுந்தது. திரை ஒரு பக்கத்தால கழண்டு அடிச்சுது, உள்ளுக்க ஒரு அனல் வந்தது பாருங்கோ, என்ர கன்னத்தில இந்த அடையாளம், தெரியுதோ? அவ்வளவுதான் எனக்கு. அவ்வளவோட நிண்டது. ஏனெண்டால் நேசன் பின்னால இருந்து என்ர தோளுக்கு மேலால ரெண்டு கையையும் நீட்டித் திரையைச் சட்டத்தோட சேர்த்து அமத்திப் பிடிச்சிட்டான்.

நெருப்பு கடக்க மூண்டரை நிமிசம். அவன் பிடிச்சிருந்தான். சத்தம் போட்டான். ஆனால் கையை எடுக்கேல்லை. என்ர காதுக்குப் பக்கத்தில அவன்ர வாய். என்ன சொன்னவன் தெரியுமோ? "குனி மச்சான், குனி, குனி." அதையேதான்.

என்னண்ணை? இல்லை, நான் நல்லாத்தான் இருக்கிறன். இந்த பஸ்ஸில ஏசி குளிர் கூடிப்போச்சு.

நாலு பேரும் தப்பினம். வீடும் தப்பினது. அடுத்த கிழமைப் பேப்பரில கிரேயமும் நானும் வீட்டுக்கு முன்னால நிக்கிற படம். நேசன் மெல்பேர்ண் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம். தொடையில தோல் எடுத்துக் கையில ஒட்டினவை. இப்ப விரல் பாதிக்கு மேல மடங்காது. பேக்கரிக்குப் போறேல்லை.

இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. நானும் இந்துமதியும், இந்துமதி என்ர மனிசி, கிழமைக்கு ரெண்டு தரம் போய்ச் சோறு குழைச்சு ஊட்டினனாங்கள். நான் ஊட்டினனான் அண்ணை, என்ர கையால. அதை அவன் விசாரணையில சொன்னவனோ? சொல்லேல்லை.

ஓம், விசாரணை. கோடு கச்சேரி, வழக்கு எண்டு இல்லை. படைக்குள்ளேயே நடக்கிறது, போன் கணக்கு எடுத்துப் பாக்கிற அதிகாரமெல்லாம் அதுக்கு இல்லை. ஏன் தண்ணி முடிஞ்சது, ஏன் அந்தப் பாதைக்குப் போனவை எண்டு கேக்க, மேலிடத்தில இருந்து மூண்டு பேர் வருவினம். அதுக்கு முந்தின கிழமை கிரேயம் என்ர வீட்டுக்கு வந்தவர். மனிசி சுட்ட கேக்கோட வந்தவர். முற்றத்தில நிண்டு கொஞ்ச நேரம் காலநிலை கதைச்சார். பிறகு சொன்னார், "அந்தப் போன் கோலைப் பற்றி ஒண்டும் சொல்லத் தேவையில்லை எண்டு நினைக்கிறன், யோகி. சும்மா சிக்கலாக்கும். அங்க நிண்டது நீ. நீதான் முடிவு எடுத்தனி. நல்ல முடிவு. அடுத்த வருசம் உதவிக் கப்டன் இடம் ஒண்டு வருகுது."

நீங்கள் ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள். அந்த மனிசன் என்னை மிரட்டேல்லை. கெஞ்சவும் இல்லை. ஒரு நண்பன் நண்பனைக் கேக்கிற மாதிரித்தான் கேட்டவர். என்னை நம்பித்தானே கேட்டவர்?

நான் நேசனிட்டப் போனன். ஆஸ்பத்திரியால வீட்டை வந்து கட்டில்ல இருக்கிறான், ரெண்டு கையும் வெள்ளைப் பொதி. ரூபி பக்கத்தில. நான் சொன்னன், "மச்சான், கோல் வந்த விசயத்தை விடுவம். நாங்கள் இந்த ஊரில நாளைக்கும் இருக்கவேணும்."

"நானாச் சொல்லமாட்டன் மச்சான்," எண்டான். "கேட்டால் சொல்லுவன்."

"ஏன் கேக்கப்போகினம்?"

"கேக்காட்டி நல்லது."

ரூபி என்னையே பாத்துக்கொண்டு இருந்தவ.

கேட்டினம் அண்ணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூண்டு பேர். சுவரோரம் கதிரைகளில நாங்கள் எல்லாரும், கிரேயமும். அதில ஒரு பொம்பிளை நேசனைக் கேட்டவ, "றேடியோவில திரும்பச் சொன்னாப் பிறகு ட்றக் ஏன் அந்தப் பாதைக்குப் போனது?" தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். பின் சீற்றில இருந்தவன்தானே. என்ன குறைஞ்சு போயிருக்கும்? ஒரு சொல். தெரியாது.

அவன் எல்லாத்தையும் சொன்னான். போன் வந்தது, கப்டன் கிரேயம் எண்டு யோகி எனக்குச் சொன்னவர். நான் வேண்டாம் எண்டனான். சிவப்பு விளக்கு வந்தது, கத்தினனான். யோகி இன்னும் ஒரு நிமிசம் எண்டவர். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. என்னைப் பாக்காமல், மேசையைப் பாத்துக்கொண்டு. என்ர தங்கச்சியைக் குடுத்தனான் அவனுக்கு. ஒரே சட்டியில சாப்பிட்டனாங்கள். அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால என்ர முகத்தில கரியைப் பூசிப்போட்டான்.

பிறகு என்னைக் கேட்டினம். "கப்டன் உங்களுக்குப் போன் எடுத்தவரோ?"

நான் கிரேயத்தைப் பாத்தன். அவர் தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

"இல்லை" எண்டன்.

லென்னைக் கேட்டினம். யோகி ஆரோடயோ கதைச்சவர், ஆர் எண்டு தெரியாது எண்டார். மேகனும் அதுதான். மச்சானும் மச்சானும் தமிழிலதானே கதைச்சனாங்கள், ட்றக் சத்தத்துக்குள்ள பேர் எண்டாலும் கேட்டிருக்குமோ, அதுகளுக்கு என்ன தெரியும்? கிரேயம் எழும்பி, தான் ஒரு நாளும் ஒரு ட்றக்கையும் தன்ர வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, அது தன்ர தேப்பன் காலத்தில இருந்து இருக்கிற கொள்கை எண்டு சொன்னவர். நல்லாச் சொன்னார். எனக்கே ஒரு செக்கன் மெய் போலத்தான் இருந்தது.

அப்ப நேசன் என்னைப் பாத்தான். முதல் தரமா அப்பதான் நிமிந்து பாத்தவன். கோவம் இல்லை. கோவமெண்டால் நான் தாங்கியிருப்பன். ட்றக்குக்குள்ள தண்ணி நிண்டதும் எல்லாரும் கூரையைப் பாத்தமெல்லோ, அப்பிடி ஒரு பார்வை.

அறிக்கையில என்ன எழுதினவை எண்டால், குறூ லீடர் தன்ர சொந்த முடிவில போனவர், கால்வாசித் தண்ணி விதியை மீறினவர். தொலைபேசி அழைப்பு வந்ததெண்ட கூற்றுக்கு ஆதாரம் இல்லை. அவ்வளவு. என்ர சிவப்புக் கோடு போச்சுது. உதவிக் கப்டன் இடத்துக்கு வேற ஒருத்தரைப் போட்டினம். கிரேயத்துக்கு அதில எனக்காக ஒரு சொல் சொல்ல ஏலாமல் போச்சுதாம், பாவம், அவருக்கும் ஆயிரம் தலையிடி.

நேசனுக்கு? அவனுக்கு என்ன, சனம் கொஞ்ச நாள் கதைச்சது. கையெரிஞ்ச ஆத்திரத்தில கப்டனையும் இழுத்து விழுத்தப் பாத்தவன் எண்டு. பேக்கரி முதலாளி அவன்ர வீட்டுப் பக்கம் போறதை நிப்பாட்டினவர். நான் என்ன செய்ய? நான் சொல்லிவிட்ட கதையே அது? ஆரும் என்னைக் கேட்டால், நான் ஒண்டும் பேசமாட்டன், தலையை ஆட்டிப்போட்டுப் போவன்.

ரூபி ஒரு நாள் போன் எடுத்தவ. "அண்ணா, அவர் பொய் சொல்லுறேல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" எண்டு வைச்சவதான். ரெண்டரை வருசம். ஒரே ஊர், நாலு தெரு தள்ளி வீடு. என்ர தங்கச்சியையும் என்னட்ட இருந்து பிரிச்சுப்போட்டான்.

இதில ஒரு விசயம் பாருங்கோ. நேசன் படையை விட்டிட்டுப் போகேல்லை. குழாய் பிடிக்க ஏலாது, அதால இப்ப றேடியோவில இருக்கிறான். மேகன்தான் இப்ப குறூ லீடர். அவ போகேக்க அவனோட கதைச்சுப்போட்டுத்தான் போவ. லென் கிழமைக்கு ஒருக்கா அவன் வீட்டுக்கு விறகு வெட்டிக் குடுக்கிறார். அந்த மனிசனுக்கு என்ன விளங்கினதோ தெரியாது. நான் போனால் எல்லாரும் மரியாதையாத்தான் கதைக்கினம். "ஹலோ யோகி" எண்டுவினம். ட்றக் வெளிக்கிடேக்க மட்டும் எனக்கு ஒரு நாளும் சீற் இல்லை.

நான் இப்ப எங்க போட்டு வாறன் எண்டு கேக்கேல்லையே நீங்கள்.

கிரேயம் வீட்டை வித்துப்போட்டார் அண்ணை. போன மாரியில. கடற்கரைப் பக்கம் போயிட்டார், மெல்பேர்ணுக்கு அங்கால. எனக்குச் சொல்லேல்லை. அவசரமாக்கும். வாங்கின ஆள் அந்த வீட்டை இடிச்சுப்போட்டு ட்றக்ரர் விடுற கொட்டில் போடுறான். புல்டோசர் நிக்கிறதைப் பாத்தனான். அந்த விறாந்தை, அந்த மூலைத் தூண், எல்லாம் ஒரு குவியலாக் கிடந்தது. நான் காரை நிப்பாட்டிப்போட்டு கன நேரம் நிண்டன்.

அண்டைக்கு இரவு இந்துமதியிட்டச் சொன்னன், ஒருக்கா கிரேயத்திட்டப் போகப்போறன் எண்டு. இப்ப அவர் கப்டனும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒரு வரி எழுதித் தந்தால் காணும். "நான்தான் யோகியைக் கேட்டனான்" எண்டு. எனக்காக இல்லை. ரூபியிட்டக் காட்ட. இல்லை, எனக்காகத்தான் எண்டு வையுங்கோவன். நான் அந்த வீட்டுக்கு என்ர பாட்டில போகேல்லை எண்டு ஆருக்காவது தெரியவேணுமெல்லோ.

இண்டைக்குக் காலமை போனன், அவ்வளவு தூரம் தனியக் கார் ஓட ஏலாது எண்டு பஸ்ஸில. இந்துமதி மிக்சர் செய்து தந்தவ, அதையும் கொண்டு போனன். கதவைத் திறந்து கொஞ்சம் திகைச்சார். ஆனால் நல்ல மாதிரி. வெளியில கதிரை போட்டு தேத்தண்ணி தந்தார். கடல் தெரியுது. மனிசி வந்து, "மற்ற ஆள் எப்பிடி, கை எரிஞ்சவர்?" எண்டு கேட்டவ. "நல்லா இருக்கிறார்" எண்டன். அவ உள்ளுக்கப் போனாப் பிறகு நான் கேட்டன்.

அவர் கோப்பையை மெதுவாக் கீழ வைச்சார். "யோகி, என்ன கதைக்கிறாய் நீ? நான் உனக்குப் போன் எடுக்கேல்லை எண்டு நீதானே சொன்னனி. மூண்டு பேருக்கு முன்னால சொன்னனி. அப்ப நீ பொய் சொன்னனி எண்டோ இப்ப சொல்லுறாய்?"

நான் அவற்ர முகத்தைப் பாத்தன். பகிடி விடுறார் எண்டு நினைச்சன். பகிடி இல்லை. அந்த மனிசன் உண்மையாவே நம்பிப்போட்டார் அண்ணை. நான் சொன்னதை நம்பிப்போட்டார்.

"இல்லை மேற்" எண்டன். "சும்மா கேட்டனான்."

தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு வந்திட்டன். பஸ் தரிப்பு மட்டும் கூட்டிக்கொண்டு வந்து விடுறன் எண்டவர். நான்தான் நடக்கிறன் எண்டன்.

அவரில பிழை இல்லை. நான் என்ன சொன்னனோ அதைத்தானே திருப்பிச் சொன்னவர். யோசிச்சுப் பாத்தால் எல்லாம் நேசனில வந்துதான் நிக்குது. அவன் அண்டைக்குத் தெரியாது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால், என்னை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். நானும் இல்லை எண்டு சொல்லவேண்டி வந்திராது. நான் பொய்காரன் எண்டு ஆனது அவனாலதான். என்னைக் காப்பாத்தினவன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். காப்பாத்திப்போட்டு இப்பிடிச் செய்யிறதோ?

நீங்கள் ஒண்டும் சொல்லாமல் வாறீங்கள். பரவாயில்லை. கேட்டதே போதும்.

இந்தா, பென்டாராச் சந்தி வரப்போகுது. பெற்றோல் செற்றுக்கு முன்னால நிப்பாட்டுவான். அதில இருந்து ஊருக்குப் பதினாலு கிலோமீற்றர். இந்துமதி கார் ஓடமாட்டா. ஆரையாவது அனுப்பிறன் எண்டவ. பக்கத்து வீட்டுக் கிழவனாத்தான் இருக்கும்.

இல்லை. அது ரூபியின்ர கார்.

கடவுளே. நேசன். அவன்தான் நிக்கிறான். இந்துமதி அவையளிட்டப் போய்க் கேட்டிருக்கிறா. என்னட்ட ஒரு சொல் சொல்லாமல் போய்க் கேட்டிருக்கிறா. இவளுமோ?

நான் இறங்கேல்லை அண்ணை. அடுத்த தரிப்பில இறங்குறன். எப்பிடியாவது வருவன். அவன்ர காரில பதினாலு கிலோமீற்றர் என்னால இருக்க ஏலாது. என்னத்தைக் கதைக்கிறது? அவன் ஒண்டும் கேக்கமாட்டான், அதுதான் கரைச்சல். "சாப்பிட்டியோ மச்சான்" எண்டு மட்டும் கேப்பான்.

டிரைவரோட கதைக்கிறான். ஏறப் போறான் போல. நான் இப்பிடிக் கொஞ்சம் குனிஞ்சு இருக்கிறன், நீங்கள் பேப்பரை விரிச்சு வைச்சால் தெரியாது. உங்களைக் கேட்டால், அந்த ஆள் முந்தின தரிப்பிலயே இறங்கிட்டார் எண்டு சொல்லுங்கோ. ஒரு வசனம்தானே. உங்களுக்கு அவனையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஆருக்கு என்ன நட்டம்?

ஏறிட்டான். பேரைச் சொல்லிக் கூப்பிடுறான்.

அண்ணை... ஏன் எழும்பி வழி விடுறீங்கள்?